ப்ராசசருக்குப் புது தெர்மல் பேஸ்ட்: முதல்முறை கூலரைக் கழற்றுபவர்களுக்கு

கம்ப்யூட்டர் சூடாகிறது என்று சொன்னால் போதும், கேட்பவர் யாராக இருந்தாலும் ‘தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள்’ என்பார். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசையை மாற்றச் சொல்கிறார். பாதிக்குப் பாதி நேரம் அதற்கு அவசியமே இருக்காது. ஹீட் சிங்க், அதாவது கூலரின் உலோக உடம்பு, அதன் தகடுகளுக்கு நடுவே அடைத்துக் கிடக்கும் தூசியை எடுத்தாலே சூடு இறங்கிவிடும். மீதி நேரங்களில் மாற்றத்தான் வேண்டும். அது பெரிய வித்தையும் இல்லை. எந்த பிராண்டு நல்லது, புள்ளியாக வைப்பதா, பெருக்கல் குறி மாதிரி போடுவதா என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறார்கள். ஆனால் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: பழைய பேஸ்ட்டைச் சுத்தமாக எடுத்தீர்களா, கூலரை நாலு மூலையிலும் ஒரே அழுத்தத்தில் உட்கார வைத்தீர்களா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான பேஸ்ட்டே போதும்.

இங்கே சொல்வது முக்கியமாக டெஸ்க்டாப்புக்கு. நம் வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் புழங்கும் இரண்டு கூலர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இன்டெல் ப்ராசசர் டப்பாவிலேயே வரும் நாலு பிளாஸ்டிக் பின் வைத்த கூலர். இன்னொன்று, ஏஎம்டி ரைசன் ப்ராசசரோடு வரும் கூலர். லேப்டாப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

பேஸ்ட் செய்யும் வேலை

ப்ராசசரின் மேல்மூடி நிக்கல் பூசிய செம்பு. கூலரின் அடிப்பக்கம் அலுமினியம் அல்லது செம்பு. இரண்டும் தொட்டுப் பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் சில இடங்களில் மட்டும் உலோகம் உலோகத்தைத் தொடும். மீதி இடமெல்லாம் காற்று. காற்று சூட்டைக் கடத்துவதில் படுமோசம்: செம்பின் வெப்பக் கடத்துதிறன் 400க்குப் பக்கம் என்றால் காற்றுக்கு 0.026தான். பேஸ்ட் டியூபுகளின் மேல் 4, 8, 12 என்று போட்டிருப்பதும் இதே அளவைதான். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் மட்டம்தான், ஆனால் காற்றைவிடப் பல மடங்கு தேவலாம். அதனால் பேஸ்ட்டுக்கு ஒரே வேலை, காற்று இருக்கும் இடத்தை மட்டும் நிரப்புவது. உலோகம் தொடும் இடத்தில் அது தேவையே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கும். 3 செ.மீ.க்கு 3 செ.மீ. பரப்பின் வழியாக 65 வாட் சூடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 0.05 மி.மீ. தடிமனில் 4 மதிப்புள்ள பேஸ்ட் இருந்தால், அந்தப் படலத்தின் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 0.9 டிகிரி. இரண்டு மடங்கு காசு கொடுத்து 8 மதிப்புள்ள பேஸ்ட் வாங்கினால் 0.45 டிகிரி. மிச்சம் அரை டிகிரிகூட இல்லை. அதே 4 மதிப்புப் பேஸ்ட்டை 0.3 மி.மீ. கனத்துக்கு அப்பி, கூலரைச் சரியாக அழுத்தாமல் விட்டால் 5.4 டிகிரி. அந்த 0.05 மி.மீ. இடைவெளி முழுக்கக் காற்றாகவே இருந்தால் 139 டிகிரி வரும், அதாவது ப்ராசசர் தாங்காது. நிஜத்தில் சூடு மூடி முழுக்கச் சமமாகப் பரவாது, அடியிலிருக்கும் சின்னச் சில்லுக்கு நேர் மேலே குவியும். ஆகவே நிஜ வித்தியாசங்கள் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் எது பெரிது, எது சிறிது என்பது மாறாது.

கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

அளக்காமல் பேஸ்ட் மாற்றினால், மாற்றியதால் பலன் உண்டா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. ப்ராசசரின் டிகிரியைக் காட்ட விண்டோஸில் கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் சினிபெஞ்ச் ஆர்23 போன்ற ஒரு சோதனையை ஓட விடுங்கள். அது ப்ராசசரின் எல்லாக் கோர்களையும் வழக்கமாகப் பத்து நிமிடம் வேலை வாங்கும். அதிகபட்ச டிகிரியை மட்டும் பார்க்காமல், அந்த டிகிரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள்.

சோதனை ஆரம்பித்த இரண்டு மூன்று விநாடியிலேயே 45லிருந்து 95க்குத் துள்ளிப் போனால், ப்ராசசரிலிருந்து கூலருக்குச் சூடு போகவே இல்லை என்று அர்த்தம். பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது கூலரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். மாறாக 60, 65, 70 என்று நாலைந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. கூலருக்கு வந்த சூடுதான் வெளியே போக வழி இல்லாமல் தேங்குகிறது. தூசி, ஃபேன் வேகம், சுவரை ஒட்டி வைத்த கேபினெட், கதவு மூடிய மேசை அறை, இப்படிக் காரணம் அங்கே எங்காவது இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத வேலை பாதி குறையும்.

அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மே மாத மத்தியானம் 36 டிகிரி அறையில் சோதித்துவிட்டு, மார்கழி ராத்திரி 26 டிகிரியில் மறுபடி சோதித்தால், எதையும் தொடாமலேயே பத்து டிகிரி குறைந்திருக்கும். ‘புதுப் பேஸ்ட் போட்டேன், பத்து டிகிரி இறங்கியது’ என்று கிளம்பும் பெருமைகளில் பாதி இப்படி வந்ததுதான்.

எவ்வளவு இருந்தால் கவலைப்படலாம்? இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன்களுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 95. எல்லையைத் தொட்டால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் போனால் சட்டென்று அணைந்துவிடும். முழு வேலையில் 80க்குள் நின்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். ரைசன் 7000 வரிசையில் சில ப்ராசசர்கள் 95 வரை போய் அங்கேயே நின்று வேலை செய்வது மாதிரிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

முதலில் தூசி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வாசலுக்கோ மாடிக்கோ எடுத்துப் போய் ப்ளோயரால் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும். அப்புறம் மறுபடி சோதனை. இறங்கிவிட்டதா? இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

என்னென்ன வேண்டும்

பேஸ்ட்: ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-ஹெச்1, கூலர் மாஸ்டரின் பேஸ்ட்கள் என்று கடையில் எளிதில் கிடைக்கிற எதையாவது வாங்குங்கள். சில நூறு ரூபாய் ஆகும். பிரபலமான பிராண்டுகளுக்குப் போலி உண்டு, நம்பிக்கையான கடையில் வாங்குவது நல்லது. ஆம்பிளிஃபயர், டிவி ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் வெள்ளை ஹீட் சிங்க் காம்பவுண்ட் சின்ன டப்பாவில் மலிவாகக் கிடைக்கும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆபத்துக்கு உதவும், ஆனால் அதன் கடத்துதிறன் குறைவு, சீக்கிரம் காயவும் செய்யும். பற்பசை போடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதிலிருக்கும் தண்ணீர் வற்றியதும் மிஞ்சுவது வெறும் பொடி.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது லிக்விட் மெட்டல். காலியம் கலந்த உலோகக் கலவை அது, மற்ற பேஸ்ட்களைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட். அதோடு காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், டப்பாவோடு வரும் கூலர்களில் பெரும்பாலானவற்றின் உடம்பே அலுமினியம்தான். முதல்முறை செய்பவர் கையில் எடுக்க வேண்டிய பொருள் இல்லை அது.

சுத்தம் செய்ய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். ஐபிஏ என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளிலும் கொடுப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. 99 சதவீதம் இருந்தால் நல்லது. 70 சதவீதமும் ஆகும், ஆனால் மீதி தண்ணீர் என்பதால் நன்றாக உலர விட வேண்டும். கைக்குப் போடும் சானிட்டைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் கூடாது. துடைக்க, நூல் பிரியாத துணி: கண்ணாடி துடைக்கும் துணியோ, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டிக் கிழிசலோ போதும். ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் இருக்கும் பக்கம் திறக்காதீர்கள்.

இவற்றோடு ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர், திருகுகள் உருண்டு ஓடாமல் போட்டு வைக்க ஒரு கிண்ணம். அவ்வளவுதான்.

கூலரைக் கழற்றுவது

முதல் வேலை, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் சூடாக்குவது. பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை ஓடட்டும். சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். இது எல்லாருக்கும் நல்லது, ரைசன் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம். காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அப்புறம் ஷட் டவுன். பின்னால் பவர் சப்ளையின் ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். யூபிஎஸ் இருக்கிறதே என்று சும்மா விடாதீர்கள், சுவரில் அணைத்தாலும் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒயரைப் பிடுங்கியபின் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜும் போய்விடும். கேபினெட்டை மேசையில் படுக்க வையுங்கள், மதர்போர்டு உங்களைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபேன் ஒயர் எந்த இடத்தில் செருகியிருந்தது, கூலர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது திரும்பப் போடும்போது மறந்துவிடும்.

ஃபேன் ஒயரைக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் தலையிலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பிடித்து எடுங்கள்.

இன்டெல் பின் கூலர் என்றால், ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு அம்புக்குறி வெட்டியிருக்கும். அம்பு காட்டும் பக்கமாக, அதாவது இடதுபுறமாக, கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். ‘டக்’ என்று விடும். நாலும் விட்டதும் கூலரை மெல்ல இடமும் வலமும் அசைத்துத் தூக்கலாம். இன்டெல்லில் ப்ராசசரை ஒரு இரும்புச் சட்டம் மேலிருந்து பிடித்திருக்கும் என்பதால் அது கூலரோடு வராது.

சாக்கெட் என்பது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இருக்கை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் அந்தச் சட்டம் கிடையாது. ப்ராசசரின் அடியில் 1331 பின்கள், அவற்றைச் சாக்கெட் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பேஸ்ட் காய்ந்து கெட்டியாகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசசர் பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும். பின் வளையும், சில நேரம் உடையும். சூடாக்கச் சொன்னது இதற்குத்தான். திருகுகளைக் கழற்றியதும் தூக்கவே தூக்காதீர்கள். கூலரை இரண்டு கையாலும் பிடித்து, தட்டையாக வைத்தபடியே இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று திருகுங்கள். முதலில் அசையவே அசையாது. விடாமல் லேசாகத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பிசுபிசுத்த மாதிரி நழுவத் தொடங்கும். அப்புறம் இன்னும் நாலு முறை திருகிவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்து எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ப்ராசசர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால் கத்தி வைத்து நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் கூலரைக் கொஞ்சம் சூடாக்கி, ப்ராசசரின் ஓரங்களைப் பிடித்துத் திருப்பினால் பிரிந்துவிடும். ஒன்றிரண்டு பின் வளைந்திருந்தால் லீட் போடும் பென்சிலின் வெறும் முனையைப் பின்னின் மேல் செருகி, சுற்றியிருக்கும் வரிசைக்கு நேராக நிமிர்த்தலாம். திரும்பச் சாக்கெட்டில் வைக்கும்போது லீவரைத் தூக்கிவிட்டு, ப்ராசசர் மூலையிலிருக்கும் தங்க நிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வையுங்கள். தானாக விழ வேண்டும், அழுத்தக் கூடாது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் மதர்போர்டு பக்கம் போய்விட்டன, இரும்புச் சட்டமும் வந்துவிட்டது. அதனால் இந்தப் பிரச்சினை அதில் இல்லை.

ரைசன் கூலர்களில் ரெய்த் ஸ்டெல்த் நாலு ஸ்ப்ரிங் திருகில் நிற்கும், ரெய்த் பிரிசம் லீவர் வைத்த கொக்கியில் நிற்கும். திருகு வகையில் ஒரு திருகை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலைகளாக ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று, மறுபடி இரண்டு சுற்று என்று தளர்த்துங்கள். நாலும் கழன்றால் மதர்போர்டுக்குப் பின்னாலிருக்கும் தகடு சில கேபினெட்களில் விழுந்துவிடும். படுக்க வைத்திருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

பழையதைப் படித்துப் பார்த்துவிட்டுத் துடையுங்கள்

கூலரைத் திருப்பிப் பார்த்ததும் துணியை எடுக்க அவசரப்படாதீர்கள். பழைய பேஸ்ட் படிந்திருக்கும் விதமே நிறையச் சொல்லும். நடுவில் மெல்லிசாக, உலோகம் லேசாகத் தெரியும்படி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவியிருந்தால் போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். நடுவில் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. ஒரு பக்கம் மெலிசாகவும் எதிர்ப்பக்கம் கனமாகவும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் பிரச்சினை பேஸ்ட்டே இல்லை, ஒரு பின்னோ திருகோ சரியாக இறங்கவில்லை. அது எந்த மூலை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்த டிஷ்யூவால் பெரும்பகுதியை வழித்து எடுங்கள். அப்புறம் துணியில் ஐபிஏவை நனைத்து, ப்ராசசர் மூடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் அழுக்கெல்லாம் ஓரம் வழியாகச் சாக்கெட்டுக்குள் போகும். ஐபிஏவை நேராக ப்ராசசர் மேல் ஊற்றாதீர்கள். இன்டெல் ப்ராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்கவும் வேண்டாம், இருந்த இடத்திலேயே துடைத்தால் போதும். அதன் அடியிலிருக்கும் சாக்கெட் பின்கள் தலைமுடியைத் தொடுவது போலத் தொட்டாலே வளையும். காய்ந்த பகுதி வரவில்லை என்றால் நனைத்த துணியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி துடையுங்கள். உலோகம் எதையும் வைத்துச் சுரண்டக் கூடாது.

எதுவரை துடைப்பது? மூடியின் மேல் லேசரால் எழுதிய ப்ராசசர் பெயர் தெளிவாகப் படிக்க வர வேண்டும். புதுத் துணியில் துடைத்தால் சாம்பல் கறை படியக் கூடாது. எழுத்துகளின் பள்ளத்தில் துளித்துளி பேஸ்ட் மிஞ்சியிருந்தால் பரவாயில்லை. கூலரின் அடிப்பக்கத்தையும் இதே மாதிரி துடையுங்கள். செம்பு கொஞ்சம் நிறம் மாறியிருக்கும், அதனால் ஒன்றும் குறைவில்லை. ஏஎம்5 ப்ராசசர்களின் மூடி ஓரங்களில் வெட்டு வெட்டாக இருக்கும், அங்கே சின்னக் கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே பேஸ்ட் போயிருந்தால் காட்டன் பட்ஸால் மெதுவாக எடுங்கள். சாதாரணப் பேஸ்ட் மின்சாரம் கடத்தாது என்பதால் கொஞ்சம் தங்கினாலும் ஆபத்தில்லை.

துடைத்தபின் இரண்டு நிமிடம் விடுங்கள். ஈரம் பறந்துவிடும். இதற்குமேல் அந்தப் பரப்பில் விரல் படக் கூடாது.

புதுப் பேஸ்ட்

இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு இந்தப் படியில் சொல்ல இரண்டு வரிதான் இருக்கிறது. மூடியின் நட்டநடுவே ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பேஸ்ட்டைப் பிதுக்குங்கள். மேலே கூலரை வைத்து அழுத்தினால் அது தானே பரவும்.

இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். 5 மி.மீ. அகலத்தில் குவிந்த புள்ளி ஒன்று 9 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் ஏறத்தாழ 0.04 மி.மீ. தடிமன் வரும். மேலே போட்ட கணக்கில் நமக்கு வேண்டியிருந்தது அதுதான். கொஞ்சம் கூடிப்போனால் பெரிய நஷ்டமில்லை, அழுத்தத்தில் மிச்சம் ஓரத்தில் பிதுங்கி வந்துவிடும், துடைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால்தான் கஷ்டம், ஒரு மூலை காற்றாகவே நின்றுவிடும். எனவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடவே வையுங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 ப்ராசசர்கள், அதாவது 12ஆம் தலைமுறை முதல் 14 வரை உள்ளவை, சதுரமாக இல்லாமல் நீளமாக இருக்கும். அவற்றுக்கு நடுப்புள்ளியோடு நாலு மூலைப் பக்கமும் பொட்டு மாதிரி ஒவ்வொன்று வைத்தால் ஓரம் வரை போகும்.

அட்டையை வைத்துத் தடவிப் பரப்பலாமா என்று கேட்பார்கள். பரப்பலாம், தப்பில்லை. ஆனால் கைக்குச் சீராக வராவிட்டால் மேடுபள்ளத்துக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். அழுத்திப் பரவும் புள்ளி நடுவிலிருந்து காற்றை வெளியே தள்ளிக்கொண்டே போகும். அதனால் எனக்குப் புள்ளிதான் பிடித்திருக்கிறது.

புதுக் கூலர் வாங்கிப் பொருத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அடியில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் பேஸ்ட் பூசி வந்திருந்தால் அதன் மேல் வேறு போடாதீர்கள். பளபளப்பான செம்பு அடியோடு வந்திருந்தால், அதை மூடி ஒரு கண்ணாடித் தாள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை உரிக்காமலே பொருத்திவிட்டு ‘புதுக் கூலரும் சூடாகிறது’ என்று கடைக்குத் தூக்கி வருபவர்கள் நிறையப் பேர்.

கூலரை உட்கார வைப்பது

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கூலரை நேர் மேலிருந்து, ஒரே இறக்கில் வையுங்கள். வைத்துவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தால், திரும்ப வைக்கும்போது நடுவே காற்றுக் குமிழ் மாட்டும். தூக்கிவிட்டீர்கள் என்றால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். 4 கிராம் டியூபில் பத்து முறைக்கு மேல் போடலாம், கஞ்சத்தனம் வேண்டாம். முதல்முறை செய்பவர் வேண்டுமென்றே ஒருமுறை பொருத்தி, இறுக்கி, கழற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி என்றே சொல்வேன். எவ்வளவு வைத்தால் எங்கே வரை பரவுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

பின் வகை: கழற்றும்போது திருப்பிய நாலு பின்னையும் திரும்பப் பழைய நிலைக்கு, வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, கறுப்புத் தண்டை மேலே இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். நாலு காலும் மதர்போர்டு துளைகளுக்கு நேரே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு பின்களை இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். பிறகு மற்ற இரண்டு. மதர்போர்டு கொஞ்சம் வளையும், பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அளவு அழுத்தம் வேண்டும். நாலாவது பின் எப்போதும் அடம் பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் இறங்கிய மாதிரியே தெரியும். ஒவ்வொரு மூலையையும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கேபினெட்டின் பின்மூடியைக் கழற்ற முடிந்தால், மதர்போர்டின் பின்பக்கத்தில் நாலு துளையிலும் பிளந்த பிளாஸ்டிக் காலும் அதன் நடுவே கறுப்புத் தண்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் தண்டு தெரியவில்லை என்றால் அந்த மூலை தூக்கித்தான் இருக்கிறது.

திருகு வகை: நாலையும் முதலில் கையால் இரண்டு மூன்று புரி பிடிக்க விடுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று. ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கமாகவே ஒதுங்கும். ஸ்ப்ரிங் திருகுகளுக்கு ஒரு முடிவு உண்டு, அதற்குமேல் சுற்றாது. அங்கே நிறுத்துங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம்.

ஃபேன் ஒயரை, சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்திலேயே செருகுங்கள். மறந்துவிட்டால் பல மதர்போர்டுகள் ஆன் ஆகும்போதே சிபியு ஃபேன் எரர் காட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அதை அழுத்திக் கடந்துபோகாமல், அணைத்துவிட்டு ஒயரைப் பாருங்கள்.

ஆன் செய்தபின்

பக்க மூடியைப் போடாமலேயே ஆன் செய்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரைக்குள், போய்ப் பார்த்தால் சில நிமிடத்தில் 40, 50 என்று காட்டும். விண்டோஸில் சும்மா இருக்கும்போது வருவதைவிட அங்கே கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் பயாஸில் ப்ராசசர் ஓய்வு நிலைக்குப் போவதில்லை. அங்கேயே 80, 90 என்று ஏறிக்கொண்டு போனால் உடனே அணைத்துவிடுங்கள், கூலர் உட்காரவில்லை.

எல்லாம் சரி என்றால் மூடியைப் போட்டு, முன்பு ஓட்டிய அதே சோதனையை, முடிந்தால் அதே நேரத்தில், அதே ஃபேன் வேகத்தில் ஓட்டுங்கள். காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றியிருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நல்ல நிலையிலிருந்த பேஸ்ட்டை மாற்றியிருந்தால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முன்பைவிட ஏறியிருந்தால் பேஸ்ட்டைத் திட்டாமல் நாலு மூலையையும் பாருங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? ப்ராசசரில் போட்ட என்டி-ஹெச்1 ஐந்து வருடம் வரை தாங்கும் என்கிறது நாக்டுவா, எம்எக்ஸ்-4க்கு எட்டு வருடம் என்கிறது ஆர்க்டிக். வருடா வருடம் தீபாவளிக்கு வெள்ளை அடிப்பதைப் போல மாற்ற வேண்டியதில்லை. டிகிரி ஏறினால் மாற்றுங்கள், வேறு எதற்காகவாவது கூலரைக் கழற்றினால் கட்டாயம் மாற்றுங்கள்.

லேப்டாப் என்றால்

வேலை இதேதான், ஆனால் பிழைக்கு இடம் குறைவு. அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஹீட் சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். இறுக்கும்போது அந்த வரிசை. ப்ராசசருக்கு மேல்மூடி கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் சில்லு நேராகவே தெரியும். அதன் ஓரம் எளிதில் உடையும். இங்கே புள்ளி வைப்பதைவிட, சில்லு முழுக்க மெல்லிசாகத் தடவிவிடுவது பாதுகாப்பு, ஒரு ஓரம் விட்டுப்போனாலும் அந்த இடம் கொதிக்கும்.

பக்கத்துச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரியான தெர்மல் பேட்கள் ஒட்டியிருக்கும். கிழிக்காமல் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில் புது பேட் வாங்கிப் போட வேண்டும், அந்த இடத்தைப் பேஸ்ட்டால் நிரப்ப முடியாது. சூடேறி ஆறி, ஏறி ஆறி, லேப்டாப்பில் பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் பிதுங்கிப் போய்விடும் என்பதால் பலர் இப்போது ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளைப் பயன்படுத்துகிறார்கள். சில்லு அளவுக்கு வெட்டி ஒட்டினால், ஏறக்குறைய 45 டிகிரியில் இளகிப் படிந்துகொள்ளும். கழற்றியதும் உள்ளே பாதரசம் மாதிரி வெள்ளியாக எதுவும் பளபளத்தால், அது கம்பெனியே போட்ட லிக்விட் மெட்டல். கையை எடுத்துவிட்டு, அதில் பழகிய சர்வீஸ்காரரிடம் கொண்டுபோங்கள்.

மிஞ்சிய டியூபை மூடி போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். அடுத்த முறை எடுக்கும்போது முனையில் எண்ணெய் தனியாகப் பிரிந்து வந்தால், முதலில் வரும் கொஞ்சத்தை ஒரு காகிதத்தில் பிதுக்கித் தள்ளிவிட்டு, ஒரே சீரான சாம்பல் நிறம் வந்தபின் பயன்படுத்துங்கள்.